சத்தம் நின்ற பிறகு

— செருப்பைப் போடுங்க அக்கா. வெயில் ஏறிட்டுது, மண் சுடும்.

— என்ரை செருப்பே மிஸ்? நான் வெறுங்காலோடையோ ஓடி வந்தனான்?

— ஓம். செருப்பு மட்டுமில்ல, காப்பும் தாலிக்கொடியும் ஸ்கான் அறையிலதான் கிடந்தது. பையில போட்டு எடுத்துக் கொண்டு வந்திருக்கிறன். சரியா இருக்கா எண்டு பாருங்க.

— சரியாக் கிடக்கு. வெக்கமாயிருக்கு மிஸ். என்ன செய்யிறது, வாசல்லை இருந்த சனமெல்லாம் பாத்தது.

— பாத்தாப் பாக்கட்டும். இந்த வேம்புக்குக் கீழ நானும் கொஞ்சம் இருக்கட்டா? என்ட பேர் ஸஹீலா. படம் எடுக்கிறது நான்தான்.

— தெரியும் மிஸ். போன முறையும் நீங்கள்தானே என்னை உள்ளுக்கை விட்டது. ஏசத்தான் வந்தனீங்களோ?

— ஏசுறதுக்கு ஒண்டுமில்ல. உள்ளுக்க மற்ற மிஸ் அடுத்த ஆளை எடுக்கிறா. எனக்கு அரை மணித்தியாலம் இருக்கு. அவசரமில்ல.

— உங்களுக்கு அவசரமில்லை. கண் டொக்டர் அவசரம் எண்டுறார். இடது கண்ணுக்குப் பின்னாலை ஏதோ வளருதாம். படம் இல்லாமல் ஒப்பரேசன் செய்ய ஏலாதாம். இப்பவே ஊசிக்கு நூல் கோர்க்கிறதெண்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடோணும். மல்லாவியிலை ரெண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்குச் சீருடை தைக்கிறது நான். கண் போனால் நான் என்ன செய்யிறது?

— மயக்கி எடுக்கச் சொல்லிக் கேட்டீங்களா?

— கேட்டனான். அதுக்கு மூண்டு மாசத்துக்குப் பிறகுதான் நாள் கிடக்காம். அதுவரைக்கும் கண் தாங்காது எண்டு டொக்டர் சொல்லிப் போட்டார்.

— துணைக்கு ஆரும் வரயில்லையா?

— இவர் வாறன் எண்டுதான் நிண்டவர். நான்தான் வேண்டாம் எண்டிட்டன். போன முறை நான் உள்ளுக்கை கத்தினதை வெளியிலை நிண்டு கேட்டவர். வீட்டை போய் ரெண்டு நாள் சாப்பாட்டுக் கோப்பையை அப்பிடியே தள்ளி வைச்சார். அதுதான் விடியப்புறம் முதல் பஸ்ஸிலை தனிய வந்தனான்.

— எதுக்குப் பயம் எண்டு டொக்டர் கேட்டிருப்பாரே?

— கேட்டவர். ரெண்டாயிரத்து ஒன்பதிலை முள்ளிவாய்க்காலிலை பதுங்கின பங்கர்க் குழிக்குள்ளை புதைபட்டனான் எண்டு சொன்னன். முதல்ல உடம்பிலை வெடிச்ச செல்லின்ரை இரும்புத் துண்டு கிடக்கோ எண்டு எக்ஸ்ரே எடுத்துப் பாத்தவை. துண்டு இருந்தால் இந்தக் காந்த மெசினுக்குள்ளை விட ஏலாதாமே. ஒரு துண்டும் இல்லை எண்டதும் எல்லாரும் அதிசயமாப் பாத்தினம். பிறகு டொக்டர், உங்களுக்கு ஒடுக்கமான இடத்துக்குத்தான் பயம், கண்ணை மூடிக் கொண்டு பிடிச்ச இடம் ஒண்டை நினையுங்கோ எண்டார்.

— நினைச்சீங்களா?

— எங்கடை தோட்டத்துக் கிணத்தடியை நினைச்சன். அதுக்குள்ளையும் மண் சரிஞ்சுது.

— அக்கா, நான் இண்டைக்கு ஒண்டு கவனிச்சன். ஒடுக்கத்துக்குப் பயந்த ஆக்கள் தலையைக் குழாய்க்குள்ள விட்ட உடனே, கையில குடுத்த பெல்லை அழுத்துவாங்க. சத்தத்துக்குப் பயந்த ஆக்கள் சத்தம் துவங்க அழுத்துவாங்க. நீங்க உள்ளுக்க போனீங்க, பேசாமக் கிடந்தீங்க. சத்தம் மூண்டு நிமிசம் போச்சுது, விரல் கூட அசையயில்ல. சத்தம் நிண்டாப் பிறகுதான் அழுத்தினீங்க. போன முறையும் அப்பிடித்தான். குறிப்பு எழுதி வச்சிருக்கிறன், போய்ப் பாத்திட்டுத்தான் வாறன்.

— நிண்டாப் பிறகோ?

— ஓம். என்ட கதை ஒண்டு சொல்லட்டா? தொண்ணூறில எங்கட முஸ்லிம் சனத்தை எல்லாம் முல்லைத்தீவை விட்டுப் போகச் சொன்ன நாள், எனக்கு ஆறு வயசு. வாப்பா வீட்டைப் பூட்டி, திறப்பை இடுப்பில செருகிக் கொண்டு வந்தார். அந்தத் திறப்பு புத்தளத்தில எங்கட ஓலை வீட்டு வளையில இருவது வருசம் தொங்கிச்சு. நான் வளந்தாப் பிறகு எங்கையும் வெளிக்கிட ஏலாது. கை நடுங்கும், சாப்பிட்டதெல்லாம் சத்தியா வரும். பயணத்துக்குப் பயம் எண்டு எல்லாரும் சொன்னாங்க, நானும் நம்பினன். கொழும்பில இந்தப் படிப்புக்கு இடம் கிடைச்சு ஒரு வருசம் போகாம இருந்தன்.

— பிறகு எப்பிடிப் போனனீங்கள்?

— ஒரு நாள் உம்மா சுகமில்லாம வீட்டில படுத்திருக்க, நான் மட்டும் அவசரமா ஆஸ்பத்திரிக்கு மருந்தெடுக்க பஸ் ஏறினன். நடுக்கம், சத்தி ஒண்டுமே வரயில்ல. திரும்பி வரேக்கதான் யோசிச்சன். பயம் பஸ்ஸில இருக்கயில்ல. வெளியில நிண்டு கதவைப் பூட்டுறதில இருந்திருக்கு. வீட்டுக்குள்ள ஆள் இருந்தா நான் எங்கையும் போவன்.

— இப்ப?

— இப்பவும் பூட்டேக்க கை நடுங்கும். பூட்டினதைத் திறந்து, உள்ளுக்க ஒருக்காப் பாத்திட்டு, திரும்பப் பூட்டிட்டு வேலைக்கு வருவன். எதுக்கு நடுங்குது எண்டு எனக்கு இப்ப தெரியும், அவ்வளவுதான். அதுதான் உங்களிட்டயும் கேக்கிறன். அங்க, அந்தப் பங்கருக்குள்ள என்ன சத்தம் நிண்டுது அக்கா?

— அதையோ கேக்கிறீங்கள்.

— சொல்ல ஏலாட்டி வேண்டாம்.

— சொல்லுறன். நானும் தங்கச்சியும்தான் உள்ளுக்கை. தாட்சாயினி. பதினேழு வயசு. அம்மா தண்ணிக்குப் போயிருந்தவ. கடற்கரை மண் மிஸ், நிக்காது. சீலையளைக் கிழிச்சு மூட்டை தைச்சு, மண்ணை நிரப்பித்தான் சுவர் வைச்சிருந்தனாங்கள். நான் தைச்ச மூட்டையள். பக்கத்திலை செல் விழ எல்லாம் ஒரேயடியாச் சரிஞ்சுது. எனக்குக் கழுத்தளவுக்கு மண். முகத்துக்கு மேலை, கூரைக்குப் போட்ட ரெண்டு பனைமரக் குத்தி குறுக்கை விழுந்ததாலை கொஞ்சம் காத்து வந்தது. அவள் மற்றப் பக்கம். ஆளைத் தெரியேல்லை, குரல் மட்டும் கேட்டது.

— கதைச்சவவா?

— கொஞ்சம் கதைச்சவள். வாய் துறக்க மண் போகுதெண்டு பிறகு கதைக்கேல்லை. அவளின்ரை கைக்குச் சமையல் பானை அம்பிட்டிருக்கு. கல்லோ எதாலையோ அதைத் தட்டத் துவங்கினாள். டங், டங், டங் எண்டு. மேலை போற சனத்துக்குக் கேக்கட்டும் எண்டு.

— எங்கட மெசின் தட்டுற மாதிரி.

— ஓம். ஓம் மிஸ், அதே மாதிரித்தான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை, சொன்னால் விசர் எண்டுவினம். உள்ளுக்கை அந்தச் சத்தம் துவங்க எனக்கு ஆறுதலாக் கிடக்கு. பக்கத்திலை ஆள் இருக்கிற மாதிரி. பிறகு டக்கெண்டு நிக்க, நெஞ்சு அடைச்சுப் போகுது.

— அங்கையும் நிண்டுதா?

— நிண்டுது. நான் எவ்வளவு நேரம் கிடந்தன் எண்டு தெரியாது. கூப்பிட்டன், கூப்பிட்டன், பதில் இல்லை. பக்கத்துப் பங்கர்ச் சனம் வந்து கையாலை கிண்டி என்னை எடுத்ததுகள். அவளைப் பிறகுதான் எடுத்தது. அம்மா தண்ணிக் கானை இறக்காமல் கையிலை பிடிச்சபடி நிண்டவ.

— அப்ப பயம் குழாயில இல்ல அக்கா. சத்தத்திலயும் இல்ல.

— சத்தம் நிக்கிறதிலைதான்.

— இந்தப் படத்துக்கு ஐஞ்சு தரம் சத்தம் வரும். இடையில நாலு தரம் நிக்கும். மெசின் அடுத்த படத்துக்கு ஆயத்தப்படுற நேரம் அது, ஒரு நிமிசத்துக்கு மேல போகாது. நான் இவ்வளவு நாளும் அந்த நேரத்தில நோயாளியோட கதைக்கிறதில்ல, வேலை கெதியா முடியட்டும் எண்டு. இண்டைக்கு ஒவ்வொரு முறையும் மைக்கில கதைப்பன். நீங்களும் கதைக்கலாம். தலையை மட்டும் ஆட்டப்படாது.

— நீங்கள் மறந்து போனால்?

— பெல்லை அழுத்துங்க. வெளியில எடுத்துவிட்டு, திரும்ப மரத்தடிக்கு வருவம்.

— பயம் இப்பவும் கிடக்கு மிஸ்.

— எனக்கும்தான் கிடக்கு. நான் வேலைக்கு வாறன்தானே.

— சரி. நடவுங்கோ, நான் பின்னாலை வாறன்.

— பிரேமிளா அக்கா, நான் கண்ணாடிக்கு இஞ்சால வந்திட்டன். மைக்கில கதைக்கிறது குழாய்க்குள்ள கேக்குதா?

— கேக்குது.

— பெல் கையில இருக்கா? முதல் சத்தம் மூண்டு நிமிசம். துவங்கட்டா?

— ஓம்.

— முதல் சத்தம் நிண்டுட்டுது அக்கா. நான் இருக்கிறன். எப்பிடி?

— கால் விறைக்குது. கதையுங்கோ மிஸ், நிப்பாட்டாதேங்கோ.

— பொம்பிளைப் பிள்ளையட சீருடை ஒண்டு தைக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?

— அதுக்கு மடிப்புக் கிடக்கு. மூண்டு மணித்தியாலம். வெட்டி வைச்சிருந்தால் ரெண்டு.

— என்ட மகளுக்கு வவுனியாவில தைச்சுத் தந்தது, ஒரு மாசத்தில மடிப்புக் கழண்டுட்டுது.

— ஒற்றைத் தையல் போட்டிருப்பினம். நான் ரெட்டைத் தையல்தான் போடுறது.

— ரெண்டாவது துவங்குது.

— நிண்டுட்டுதே மிஸ்?

— ஓம், இருக்கிறன். இஞ்சதான் இருக்கிறன்.

— விரல் தன்பாட்டிலை பெல்லுக்குப் போகுது. அழுத்தேல்லை.

— கண்டன். மூண்டாவது துவங்கட்டா?

— துவங்குங்கோ.

— மூண்டாவதும் முடிஞ்சுது. நான் இருக்கிறன். பாதிக்கு மேல வந்திட்டம்.

— பெல்லை மற்றக் கைக்கு மாத்தட்டோ? இந்தக் கை வேர்த்துப் போச்சு.

— மாத்தலாம், மெதுவா. தலை அசையாம. அப்பிடித்தான். நாலாவது துவங்குது.

— மிஸ்.

— இருக்கிறன், நிண்டுட்டுது, இனி ஒண்டே ஒண்டுதான்.

— கொஞ்சம் பேசாமல் இருங்கோ.

— ஏன் அக்கா? வெளியில எடுக்கட்டா?

— வேண்டாம். அடுத்தது துவங்கும் வரைக்கும் ஒருத்தரும் கதைக்காமல் இருந்து பாப்பம்.

— நாப்பது செக்கன் இருக்கு.

— இருக்கட்டும்.

— இப்ப துவங்குது அக்கா.

— துவங்குங்கோ.

— எல்லாம் முடிஞ்சுது. மெதுவா எழும்புங்க, தலை சுத்தும். இந்தாங்க தண்ணி. ஒரு இடமும் அசையயில்ல, படம் வடிவா வந்திருக்கு.

— என்ன தெரியுது மிஸ்?

— அதை டொக்டர்தான் சொல்லோணும். ஒப்பரேசனுக்கு இந்தப் படம் போதும். இண்டைக்கே அவருக்குப் போகும்.

— நீங்கள் இல்லாட்டி நடந்திராது.

— கடைசியில நான் வாயே திறக்கயில்ல. அந்த நாப்பது செக்கனும் எனக்குத்தான் பயமாயிருந்தது. உங்கட கண்ணால தண்ணி ஓடினதைக் கண்டன். என்ன நடந்தது அக்கா?

— ஒண்டும் நடக்கேல்லை. சத்தம் இல்லை, நான் கிடந்தன். சாகேல்லை. இத்தனை வருசம் அந்த நேரத்தை நினைக்க விடாமல் ஓடினனான், இண்டைக்கு அது முழுக்க வந்துது. மரத்துக்குக் கீழை நான் உங்களுக்குச் சொன்னது முழுக்கதை இல்லை மிஸ்.

— அவசரமில்ல. வெளியில போய் இருந்து சொல்லலாம்.

— இல்லை, இப்பவே சொல்லோணும். அம்மா ஒவ்வொரு மே மாசமும் என்னைக் கேக்கிறவ, தங்கச்சி கடைசியா என்ன சொன்னவள் எண்டு. 'அம்மா' எண்டு கூப்பிட்டவள் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். பொய். அதை நம்பித்தான் பதினாறு வருசமா விளக்குக் கொளுத்திறா. இண்டைக்கு வீட்டை போய் உள்ளதைச் சொல்லப் போறன். அதுக்கு முதல் ஆரிட்டையாவது வாயாலை ஒருக்காச் சொல்லிப் பாக்கோணும். இல்லாட்டி அம்மாவின்ரை முகத்தைக் கண்டதும் திரும்பவும் ஓடிப் போவன்.

— சொல்லுங்க அக்கா. நான் கேக்கிறன்.

— சத்தம் தானா நிக்கேல்லை மிஸ். எனக்குத் தலை வெடிக்குது, தட்டுறதை நிப்பாட்டடி எண்டு நான்தான் கத்தினனான். அவள் 'சரியக்கா' எண்டிட்டு நிப்பாட்டினவள்.