காப்பி அடித்தும் ஓடாத வரி

தாம்பரத்தில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்த இரண்டு பெண்களில் ஒருத்தி, ரயில் கிளம்புமுன்பே சண்டையைத் தொடங்கிவிட்டாள்.

"பரீட்சையில நீ எழுதின கமாண்ட் வரியத்தான் நானும் அப்படியே டைப் பண்ணேன். உனக்கு ஓடுச்சு. எனக்கு மட்டும் 'அப்படி ஒரு ஃபைலே இல்ல'ன்னு வருது. அது எப்படி ரோஸி?"

இருவரும் மறைமலை நகர் தொழிற்சாலை ஒன்றில் பேக்கிங் வேலை. கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாறுவதற்கான பரீட்சையில் ரோஸி பாஸ். சண்டை போட்ட கலைக்கு இன்று மறுபரீட்சை, இதை விட்டால் இனி வாய்ப்பில்லையாம்.

"அப்போ நீ எந்த ஃபோல்டர்ல இருந்த?"

"அதெல்லாம் யாரு பாத்தா?"

"அந்த வரியோட ஆரம்பத்துல ரெண்டு புள்ளி வச்சேனே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"ஒரு ஃபோல்டர் மேல போ."

"எங்கேர்ந்து மேல?"

ரோஸி தலையில் அடித்துக்கொண்டாள்.

"'வெளிய வந்து பக்கத்துக் கதவத் தட்டு'ன்னா, உங்க வீட்லேர்ந்து வந்தா உங்க அத்தை தொறப்பாங்க. எங்க வீட்லேர்ந்து அதையே செஞ்சா ஹவுஸ் ஓனர் தொறப்பாரு. வழி ஒண்ணுதான்டி, கெளம்புற எடம் வேற."

பல வருடமாகக் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு, எந்த ஃபோல்டரில் வைத்தேன் என்று தெரியாமல் காணாமல்போன கட்டுரையை மறுபடி எழுதிக்கொள்ளும் எனக்கே புரிந்துவிட்டது.

ஊரப்பாக்கம் தாண்டியதும் கலை போன் கவரிலிருந்து ஒரு பிட்டை உருவினாள். "அப்ப இன்னைக்குப் பரீட்சைக்குன்னு நீ எழுதிக் குடுத்த இந்த வரிங்க?"

"எடுத்துட்டுப் போ. மொதல்ல நீ எந்த ஃபோல்டர்ல நிக்கிறேன்னு பாரு. அங்கேர்ந்து எத்தன தடவ மேல போவணும்னு எண்ணு. அதுக்கேத்த மாதிரி மாத்தி எழுது."

கலை பிட்டை ரோஸியின் மடியில் போட்டாள்.

"அவ்ளோ தெரிஞ்சா நானே எழுதிடுவேனேடி."