வேலிக்கு வெளியே பூத்தவை

இந்தத் தீவின் மணல்மேட்டுப் பூவுக்காக என் உயிரையே கொடுப்பேன் என்று ஏறிய மேடையிலெல்லாம் முழங்கியிருக்கிறேன். நல்லவேளை, பூ எதையும் கேட்டு வாங்குகிற ரகமில்லை.

கோணி கரை ஒதுங்கி உங்கள் மேசைக்கே வந்துவிட்டது. இனி மழுப்புவதில் அர்த்தமில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா.

வேறெங்கும் இல்லாத பூ அது. சட்டைப் பொத்தான் அளவு, வெளிறிய ஊதா. மழை விட்டதும் முளைக்கும், பூக்கும், விதையை மணலில் உதிர்த்துவிட்டுச் செத்துப்போகும். அடுத்த வருடத்துக்கு அந்த விதைதான் கதி. வேலிக்குள் கைப்பிடியளவு செடிகள். அவற்றைக் காக்க ஒரு சங்கம், சங்கத்துக்குத் தலைவனாக நான், எனக்கு ஒரு சுழல்நாற்காலி. வருகிற பெரிய மனிதர்கள் காலிப் பூவாளியைச் சாய்த்தபடி என்னோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

படகோட்டியான என் மைத்துனன்தான் கெடுத்தான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றான்.

"மச்சான், நம்ம பூ தீவோட அந்தப் பக்கம் கொட்டிக் கிடக்கு. கால் வைக்க இடமில்ல."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"உங்ககிட்டதான் முதல்ல. சந்தோஷப்படுவீங்கன்னு ஓடி வந்தேன்."

பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவி சிரித்தாள். "கொட்டிக் கிடக்குறதுக்குத் தலைவர் எதுக்காம்? களைக்கு யாராச்சும் சங்கம் வைப்பாங்களா? பேசாம இவன்கூட துடுப்புப் போடப் போங்க."

அவள் விளையாட்டாகச் சொன்னாள். நான் யோசித்தேன். அபூர்வமாக இருப்பதால்தான் அந்தப் பூவுக்கு மரியாதை. மலிந்துவிட்டால் ஆடுகூட மதிக்காது. அதன் கௌரவத்தைக் காப்பது தலைவனின் கடமையல்லவா?

மறுநாள் அவன் படகிலேயே போனேன். "பத்திரமான இடத்துல மாத்தி நடணும்" என்றேன். பாவம், அவனும் குனிந்து குனிந்து பிடுங்கினான். விதை கட்டுவதற்கு முன்பே ஒன்றுவிடாமல் எடுத்துக் கோணிகளில் அடைத்துவிட்டோம். அவனை அனுப்பிவிட்டு, கோணிகளைப் பாறை மேலிருந்து கடலில் தள்ளினேன். பதற்றமெல்லாம் இல்லை. நன்றாகப் பசித்தது. இன்றைக்கும் "எங்க நட்டீங்க மச்சான்" என்று கேட்கிறான். ரகசியம் என்கிறேன்.

வேலிக்குள் இருப்பவை போதும் என்று நினைத்திருந்தேன். அவைதான் காலை வாரிவிட்டன. இனி இவைதான் மிச்சம் என்றானதும் எனக்குப் பாசம் பொங்கிவிட்டது. பூவாளியை நிரப்பித் தினமும் நானே ஊற்றினேன். மணல்மேட்டுச் செடிக்குத் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடுமாம். சங்கத்தின் துண்டுப் பிரசுரத்திலேயே இருக்கிறதாம். முன்னுரை நான் எழுதியது, மேற்கொண்டு படித்ததில்லை.

ஆக, கடைசிச் செடிவரை அழித்தவன் நான்தான். ஆனாலும், இன்றைக்கு அதைவிட அபூர்வமான பூ கிடையாது என்பதை நீங்களும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நேற்று வேலியோரம் ஒரு பூவுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றீர்களே, அந்தப் பூ பிளாஸ்டிக். காலையில் அதற்கும் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வந்தேன்.