மெஸ் சமையலறையில் வைத்த புள்ளி

இந்த அரபு நாட்டு ரூவியில் வெள்ளிக்கிழமை விடுமுறைத் தூக்கத்தை விட்டுவிட்டு இந்த அவைக்குத் தலைமையேற்று, ஏற்றது முதல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் யேசுதாசன் ஐயா அவர்களே, வௌவாலை ஆராய்ந்து பட்டம் வாங்கிய ஷியாமளா அம்மா அவர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, குழந்தைகளை அதட்டிக்கொண்டே கைதட்டும் தாய்மார்களே, தொழிலாளர் கேம்பிலிருந்து பஸ் பிடித்து வந்த தம்பிமார்களே, உங்கள் எல்லோருக்கும் நாகவள்ளியின் வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிறவள். ஷியாமளா அம்மா பேசியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். கட்டைவிரல் அளவு வௌவால் ஒன்று ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அதை முதலில் ஓர் இனத்தில் சேர்த்தார்கள். பல்லைப் பார்த்து வேறு இனம் என்றார்கள். ரத்தத்தைப் பார்த்து மூன்றாவது இனம் என்றார்கள். என் பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்தை மாற்ற ஆறு மாதம் ஆனது. தலைகீழாகத் தொங்குகிறதற்கு எத்தனை சலுகை பாருங்கள்.

ஆப்பிரிக்கா முழுக்கப் புள்ளி வைத்த அம்மாவின் வரைபடத்தில், கடலுக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு புள்ளி. அது ஒரு கேம்பின் மெஸ் சமையலறை. ஆகவே அது வெங்காய மூட்டையோடு கப்பலில் வந்த விருந்தாளி, இந்த ஊர் வௌவால் இல்லை என்று அம்மா முடித்தார்கள்.

அந்த வௌவாலைப் பிடித்துக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர் கார்மேகம்.

பின்னால் யாரோ, "யல்லா அக்கா, சீக்கிரம், போதும்" என்கிறீர்கள். பிரியாணி எங்கேயும் ஓடாது தம்பி. உட்காருங்கள்.

அவர் இருந்த அந்தக் கேம்பில் போன் சிக்னல் கிடையாது. வேலியைத் தாண்டினால் ஒரு பாழுங்கிணறு. அதன் சுவரில் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும். வேலியைத் தாண்டினால் வேலை போய்விடும். எனக்குப் போன் போடத் தாண்டுவார். ஒருநாள் சொன்னார், "வள்ளி, கெணத்துக்குள்ள கொத்துக் கொத்தா தொங்குது. குட்டிய வவுத்துல ஒட்டவச்சுக்கிட்டே பறக்குது. எங்க ரூம்ல பதினாறு பேரு, அதவிட நெருக்கம்." நான், "அதுகளாச்சும் குடும்பத்தோட இருக்கு, போன வையும்" என்றேன்.

அதில் ஒன்றைச் சோற்று டப்பாவில் போட்டு, வௌவால் கணக்கெடுக்க வந்தவர்களிடம் கொடுத்தார். பக்கத்தில் ஃபோர்மேன் சாகிர் பாய். "எங்கய்யா புடிச்ச?" என்று கேட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் என்று சொன்னால் மறுநாளே ஊருக்கு விமானம். "மெஸ்ல பாய்" என்றார். சீட்டில் மெஸ் என்று எழுதினார்கள். புள்ளி அங்கே போய் உட்கார்ந்துகொண்டது.

நான் கேட்கிறேன். மூட்டையில் வந்த ஒற்றை வௌவால் கொத்துக் கொத்தாகத் தொங்குமா? குட்டி போட்டுக் குடித்தனம் நடத்துகிறது விருந்தாளியா? அப்படியானால் இந்த மண்டபத்தில் இருபது வருடமாக இருக்கிற நீங்கள் யார்?

இப்போது கைதட்டுகிறீர்கள். சரி.

அம்மா, அந்தப் புள்ளியை எடுத்து வேலிக்கு அந்தப் பக்கம், கிணற்றின் மேல் வையுங்கள். பிடித்தவர் கார்மேகம் என்று சீட்டில் எழுதுங்கள். பயப்பட வேண்டாம். இனி அவரை யாரும் ஊருக்கு அனுப்பிவிட முடியாது. மூன்று மாதத்துக்கு முன் பெட்டியில் வைத்து அனுப்பியாகிவிட்டது. கூடவே போய்க் காரியம் முடித்து, லீவு முடிந்து வந்து நிற்கிறேன்.

பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கும், கடிகாரத்தைத் திருப்பி வைத்த தலைவருக்கும் என் நன்றி. அம்மா, கிணற்றைப் பார்க்கப் போகும்போது போனை எடுத்துப் போங்கள். சுவரில் ஏறி நின்றால் நன்றாகக் கேட்கும். வருகிறேன், வணக்கம்.