பொருந்தாத மூன்று சதவீதம்

உங்கள் மறுவிசாரணை அறிக்கையின் இடது ஓரத்தைச் சரிசெய்துவிட்டேன், மேடம். பைண்டிங் போகும் தாளுக்கு அந்தப் பக்கம் ஒன்றரை அங்குலம் விட வேண்டும். இல்லாவிட்டால் தையலுக்குள் பாதி எழுத்து போய்விடும். இருபத்திரண்டு வருடமாக ஆங்கிலத் துறையில் இதைத்தான் செய்கிறேன். மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயரே ‘ஓரம் அக்கா’.

ஆனால் பதினான்காம் பக்கத்தில் ஒரு தவறு இருக்கிறது. என் தங்கையின் ஆய்வேடு திருட்டு என்று வந்ததற்குக் ‘கணினிக் கோளாறு காரணமாக இருக்கலாம், ஆதாரம் இல்லாததால் தண்டனை தொடர்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தட்டச்சு செய்ய என் கை வரவில்லை. கணினி ஒரு தவறும் செய்யவில்லை. அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன், எளிமையானதுதான்.

முதுகலை மாணவர் ஆய்வேட்டைக் கொடுத்ததும் அதை ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் ஏற்றுவோம். ஏற்கெனவே அதன் கிடங்கில் இருக்கும் எல்லாவற்றோடும் அது வரிவரியாக ஒப்பிடும். பொருந்தும் வரிகளுக்குச் சிவப்புச் சாயம் பூசும். பொருந்தாதவை வெள்ளையாகவே கிடக்கும். யார் எழுதினார்கள் என்பது அதற்குத் தெரியாது, மேடம். யார் முதலில் வந்தார்கள் என்பது மட்டும்தான் தெரியும். இருக்கையில் முதலில் துண்டு போட்டவருக்கே இடம் என்பது போல.

என் தங்கை முதுகலையில் ஆங்கில இலக்கியமும் பண்பாடும் படித்தாள். பன்னிரண்டாம் வகுப்போடு நான் நின்றேன். அவள் நிற்கக் கூடாது என்று வீட்டில் முடிவு செய்ததும் நான்தான். பழைய ஆங்கில நாவல்களில் வரும் வேலைக்காரப் பெண்கள் பற்றி ஆய்வேடு எழுதினாள். விருந்து அறையில் எல்லாரும் பேசுவார்கள், தட்டோடு கதவருகே நிற்பவள் என்ன நினைக்கிறாள் என்று ஒருவரும் எழுதவில்லை, அவளுக்கும் காது இருந்தது என்பதுதான் அவள் வாதம். நல்ல வாதம். நான் அதுவரை தட்டச்சு செய்த எழுநூறு சொச்ச ஆய்வேடுகளில் முதல் பத்துக்குள் வைப்பேன்.

முதல் வரைவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

“அக்கா, ஓரம் மட்டும் பாரு, போதும். உள்ள போயி மண்டைய ஒடச்சுக்காத. உனக்குத் தலவலிதான் மிச்சம்.”

“சரிடி.”

“பேஜ் நம்பர் மாத்திடாத. போன தடவ சீனியர் ஒருத்தருக்கு அம்பதுக்கு அப்புறம் நாப்பது வந்துச்சாம்.”

“அது அவன் பண்ணினது. நான் இல்ல.”

சிரித்துக்கொண்டே போனாள். இயல்களை முதலில் முடித்தேன். முன்பக்கங்களைக் கடைசியில்தான் தொட வேண்டும், ஏனென்றால் உள்ளே பக்க எண்கள் நிலைத்த பிறகுதான் பொருளடக்கம் நிற்கும். அப்படித்தான் நன்றியுரைக்குக் கடைசியாக வந்தேன். மூன்றாம் பத்தி, நான்காம் வரி. ‘ஒரு சொல்லும் புரியாமலேயே இந்த நூற்று முப்பது பக்கங்களையும் பொறுமையாகத் தட்டிக் கொடுத்த என் அக்காவுக்கு.’

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்தால் மனிதர்கள் கத்துவார்கள், தாளைக் கிழிப்பார்கள். நான் அந்தப் பத்தியின் வரி இடைவெளியைச் சரிசெய்தேன். பிறகு, படிப்பைப் பாதியில் விட்டுப்போன ஒரு மாணவரின் கணக்கு நீக்கப்படாமல் கிடந்ததைத் திறந்து, அவள் வரைவை முழுவதுமாக அந்தப் பெயரில் ஏற்றினேன். காலை பதினொன்று பத்து. பதிவேட்டில் பார்க்கலாம். தட்டச்சு முடிந்த வரைவை அன்றே அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். ஒன்பது நாள் கழித்து அவள் இறுதிப் படியைக் கொடுத்தாள். அதையும் நானே ஏற்றினேன். தொண்ணூற்றேழு சதவீதம்.

முதல் விசாரணையில் நானும் இருந்தேன், கருவியை விளக்க. துறைத் தலைவர் தாள்களைப் புரட்டிக்கொண்டே, “என்னம்மா, வெறும் மூணு பர்சென்ட்தான் உன்னோடதா? அதையாவது சொந்தமா யோசிச்சியா?” என்று கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“அக்கா, நீ சொல்லுக்கா. வீட்ல நான் உக்காந்து எழுதுனத நீ பாத்துக்கிட்டுதான இருந்த?”

“மெஷின் காட்டுறதத்தான் நான் சொல்ல முடியும், தங்கம்” என்றேன். அது உண்மைதானே.

பட்டம் போயிற்று. வேறொரு பல்கலைக்கழகம் அவளுக்கென்று வைத்திருந்த ஆய்வு இடமும் போயிற்று. புத்தகங்களை எல்லாம் கயிறு போட்டுக் கட்டிப் பழைய பேப்பர் கடைக்குக் கொடுத்துவிட்டாள். இப்போது மருந்துச் சீட்டைக்கூட என்னிடம் நீட்டிப் படித்துச் சொல்லச் சொல்கிறாள். படித்துச் சொல்கிறேன். தலைவாரி விடுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிட வைக்கிறேன். வேறு யார் இருக்கிறார்கள் அவளுக்கு?

ஒன்றே ஒன்று சொல்லாமல் விட்டேன். இறுதிப் படியின் ஒப்புமை அறிக்கை என் திரையில் வந்தபோது துறைக் குழுவுக்கு இன்னும் போகவில்லை. நான் அனுப்பினால்தான் போகும். அழித்துவிட்டு, பழைய கணக்கையும் நீக்கிவிட்டு, மறுபடி ஏற்றியிருக்கலாம். பத்து நிமிட வேலை. திரை முழுக்கச் சிவப்பு. நூற்பட்டியலில் கொஞ்சம் வெள்ளை, முடிவுரையில் கொஞ்சம் வெள்ளை. பிறகு நன்றியுரையில், மூன்றாம் பத்தியில். அங்கே அவள் மாற்றி எழுதியிருந்தாள்.

‘ஐந்தாம் இயலில் நான் செய்த இரண்டு பிழைகளைச் சத்தமில்லாமல் திருத்தியிருக்கிறாள் என் அக்கா. இத்தனை வருடமாக அவள் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. என்னை அவள் மன்னிக்க வேண்டும்.’

இரண்டு முறை படித்தேன், மேடம். நன்றாக எழுதியிருந்தாள். பிறகு அறிக்கையைக் குழுவுக்கு அனுப்பினேன்.