அந்தமானுக்கு ஆறு நாள் லீவு

அந்தமானில் ஓர் இளநீர் எண்பது ரூபாய் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பட்ஜெட்டில் சேர்த்திருப்பேன். மற்றபடி என் திட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் கிடையாது.

என் பெயர் கதிரவன். இன்ஜினியரிங்கை மூன்றாம் வருஷத்தோடு விட்டவன். திருத்தங்கலில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் இரவு ஷிஃப்ட். காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை, எது வந்தாலும் அடிப்போம். மிஷின் ஓடும், தாள் விழும், நான் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப் பார்த்தபோதுதான் விமான டிக்கெட் பாதி விலைக்கு வந்தது. சென்னையிலிருந்து அந்தமான், செப்டம்பர் கடைசி வாரம், இரண்டு பேர். எனக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தேனிலவுக்கு நாற்பதாயிரம், அதற்குமேல் ஒரு ரூபாய் கூடாது என்று வைத்திருந்தேன். உடனே போட்டுவிட்டேன். ரத்து செய்தால் பணம் திரும்ப வராது என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. பாதி விலை என்றால் அப்படித்தான்.

செப்டம்பரில் அங்கே மழை. ஆள் போகமாட்டார்கள், அதனால் மலிவு. செப்டம்பரில் இங்கே தீபாவளி சீசன். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் எவருக்கும் லீவு கிடையாது. தீவு மலிவாகிற மாதமும் சிவகாசியில் லீவு கிடைக்காத மாதமும் ஒன்றுதான் என்பதை நான் டிக்கெட் போட்ட பிறகே கவனித்தேன். என் பிரஸ் முதலாளி பெருந்தன்மையாக விட்டுவிட்டார். சிக்கல் எனக்கு நிச்சயமான ஓவியாவுக்குத்தான். அவள் வேலை பார்த்தது அவள் அப்பா ஃபோர்மேனாக இருந்த பட்டாசுக் கம்பெனியில்.

மாமா பெயர் தங்கச்சாமி. அத்தை வள்ளித்தாயும் அங்கேதான், பேக்கிங்கில். மறுவீட்டு விருந்தில், கோழிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கும்போது, லீவு விஷயத்தை எடுத்தேன்.

"ஆறு நாளா?" என்றார் மாமா. "மாப்ளே, கல்யாணத்துக்கே ரெண்டு நாள்தான் குடுத்தேன். அதுல ஒண்ணு ஞாயித்துக்கெழமை."

"டிக்கெட் போட்டாச்சு மாமா."

"தண்ணி பாக்கணும், அம்புட்டுத்தானே. வெம்பக்கோட்டை அணையில கெடக்கு தண்ணி. சாயந்தரமா கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு, காலையில எட்டு மணிக்கு கேட்டுல கொண்டாந்து விட்டுருங்க."

அத்தை சிரித்தார். ஓவியாவும் சிரித்தாள். "எனக்குக் குத்தாலமே போதுங்க. தீபாவளி முடியட்டும்" என்றாள். பெண்கள் மனதில் இருக்கும் ஆசையை வெளியே சொல்லமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

"எம் மகளுக்குன்னு குடுத்தா நாளைக்கு எம்பது பேரும் வரிசையில நிப்பாக" என்று மாமா பேச்சை முடித்தார். நியாயமான மனிதர். நானும் நியாயமாகத்தான் யோசித்தேன். கம்பெனி திறந்திருந்தால்தானே லீவு என்ற பேச்சு. மூடியிருந்தால் எண்பது பேருக்குமே லீவு. யாருக்கும் மனவருத்தம் இல்லை.

எனவே தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன். நான்கு பேர் உட்கார வேண்டிய அறையில் எட்டுப் பேரை வைத்து வேலை வாங்குகிறார்கள் என்று. கையெழுத்து காட்டிக்கொடுக்கும் என்பதால் பிரஸ் கம்ப்யூட்டரிலேயே அடித்து, அச்செடுத்து, தபாலில் போட்டேன்.

அதிகாரிகள் வந்தார்கள். அறை அறையாகத் தலையை எண்ணினார்கள். எல்லா அறையிலும் நான்கு. வாளியில் மணல் இருந்தது, தொட்டியில் தண்ணீர் இருந்தது, தரையில் ரப்பர் விரிப்பு இருந்தது. எல்லாக் கம்பெனியும் இப்படி இருந்தால் எங்களுக்கு வேலையே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

"பதினோரு வருசம் மாப்ளே" என்றார் மாமா அன்று சாயந்தரம். "நம்ம கம்பெனியில ஒருத்தருக்குச் சின்னக் காயங்கூடக் கெடையாது. எவன் எழுதிப் போட்டானோ, அவன் புண்ணியத்துல நல்ல பேருதான் வாங்கிருக்கோம்."

எனக்கு உறுத்தலாக இருந்தது. பொய்யாக ஒரு மனு எழுதிவிட்டோமே என்று. அதை உண்மையாக்குவதுதான் முறை என்று பட்டது.

பட்டாசுக் கம்பெனி கேட்டில் எல்லோரையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். தீப்பெட்டி, பீடி, செல்போன், எதுவும் போகக்கூடாது. மாமா தன் மகளையே தினமும் சோதனை போட வைப்பார். அத்தையின் சுருக்குப்பையைக்கூட அவிழ்க்கச் சொல்வார். நான் ஒரு மதியம் கல்யாண இனிப்பு கொண்டுபோனேன், கம்பெனி ஆட்களுக்குக் கொடுக்க. வாட்ச்மேன் செல்லப்பாண்டி என்னை நோக்கிக் கையை நீட்டினார்.

மாமா உள்ளேயிருந்து சத்தம் போட்டார். "ஏலே செல்லப்பாண்டி, புது மாப்ளைய எங்கனலே தடவுற. கூறு இருக்கா?"

செல்லப்பாண்டி கையை எடுத்துக்கொண்டு, "வாங்க மாப்ளே, வாங்க" என்றார். பதினோரு வருஷத்தில் சோதனை இல்லாமல் அந்தக் கேட்டைத் தாண்டிய ஒரே ஆள் நான்தான்.

மாமா லட்டுகளைக் கொடுக்கப் போன நேரத்தில், அவர் மேஜை இழுப்பறையில் ஒரு மஞ்சள் லைட்டரை வைத்தேன். கேஸை முழுதாக வெளியேற்றி, கல்லையும் எடுத்திருந்தேன். நான் பொறுப்பில்லாதவன் அல்ல. உள்ளே என் மனைவி வேலை பார்க்கிறாள். இரண்டாவது கடுதாசியில் இழுப்பறையைப் பாருங்கள் என்று மட்டும் எழுதினேன். ஒரே வரி. அதில் பொய் இல்லை.

மூன்றாம் நாள் சீல் வைத்தார்கள். மாமாமேல் வழக்கு. செல்லப்பாண்டிக்கு வேலை போயிற்று. எண்பது பேர் தூக்குவாளியோடு கேட்டில் நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. போனஸ் வரும் மாதம். அது அவர்களுடைய பட்ஜெட், நான் தலையிடவில்லை.

ஓவியா வரமாட்டேன் என்றாள். "அப்பாவ ஸ்டேசன்ல உக்கார வச்சிருக்காக. இப்பப் போயி கடலு பாக்கக் கூப்பிடுறீகளே."

"போகலைன்னாலும் பணம் திரும்ப வராது" என்றேன். அவள் பெட்டியை அடுக்கினாள்.

அந்தமான் நன்றாக இருந்தது. ஆறு நாளும் மழை. படகு விடவில்லை. லாட்ஜ்காரர்கள் ஜன்னல் வழியாகக் கடல் இருக்கும் திசையைக் காட்டினார்கள். ஓவியா சிக்னல் தேடி வராந்தாவில் நின்றுகொண்டே இருந்தாள். படகுக் காசு மிச்சமானதால் இளநீர் செலவு சரிக்கட்டிவிட்டது. மொத்தம் முப்பத்தொன்பதாயிரத்து எழுநூறு.

திரும்பி வந்ததும் அத்தை இருக்கன்குடி மாரியம்மனிடம் முறையிடப் போகவேண்டும் என்றார். நான்தான் பைக்கில் கூட்டிப்போனேன். "எழுதிப் போட்டவன் கை வெளங்காமப் போவணும் ஆத்தா" என்று சன்னதியில் நின்று அழுதார். அவர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட வசதியாக, தேங்காய்ப் பையை நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் மாமா ஒரு தாளோடு உட்கார்ந்திருந்தார். முதல் கடுதாசியின் நகல். வக்கீல் வாங்கிக் கொடுத்தது.

"மாப்ளே, நீங்க பிரஸ்காரரு. இது எங்கன அடிச்சதுன்னு பாத்துச் சொல்லுங்க. நாலு மூலையிலயும் கோடு கோடா என்னமோ இருக்கு."

பார்த்தேன். கட்டிங் மார்க். அச்சடித்த தாளை எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டும் கோடுகள். எதை அச்சுக்கு அனுப்பினாலும் அதைப் போட்டே அனுப்பிப் பழகிய கை. வெட்டத்தான் மறந்திருக்கிறேன். வேறு எந்த ஊர்க்காரன் எழுதியிருந்தாலும் இந்தத் தவறு வந்திருக்காது.

"சிவகாசியில எத்தனையோ பிரஸ் இருக்கு மாமா. விசாரிச்சுச் சொல்லுதேன்" என்றேன். "ஒங்களத்தான் நம்பியிருக்கேன்" என்றார்.

ஓவியா அந்தத் தாளை வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். மூலையில் இருந்த கோட்டின் மேல் நகத்தை வைத்தாள். மாமா தண்ணீர் குடிக்க உள்ளே போனதும், என்னைப் பார்க்காமலே, "வெட்ட மறந்துட்டீகளே" என்றாள். அவ்வளவுதான். ஒருவரிடமும் சொல்லவில்லை. புருஷனை விட்டுக்கொடுக்காத பெண்.

அன்றிலிருந்து அவள் அப்பா வீட்டில்தான் இருக்கிறாள். அவருக்குத் துணை வேண்டும் அல்லவா. மாமா இப்போது சாத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். வருகிறவர்களில் எவரையும் சோதனை போடாமல் விடுவதில்லையாம், மாப்பிள்ளை உட்பட. நான் போன் செய்தால் ஓவியா எடுப்பதில்லை. அந்த வீட்டில் சிக்னல் சரியில்லை.

நேற்று லட்சத்தீவுக்கு ஒரு சலுகை வந்தது. இதுவும் செப்டம்பர், இதுவும் பணம் திரும்ப வராத டிக்கெட். இளநீரைச் சேர்த்தே நாற்பதாயிரத்துக்குள் அடங்குகிறது. இரண்டு பேருக்குப் போட்டுவிட்டேன். இந்த முறை ஓவியாவின் லீவுக்காக யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. கம்பெனி இன்னும் திறக்கவில்லை.