செம்பி போன காடு

பானுமதி: உள்ள வாங்க அம்மையப்பன். கதவைச் சாத்திடுங்க, ஏசி வெளிய போகுது.

அம்மையப்பன்: கூண்டு கழுவிட்டு இருந்தேன் டாக்டரம்மா. ஈரக் காலு... இங்கனயே நிக்கேன்.

பானுமதி: பரவாயில்ல, உக்காருங்க.

அம்மையப்பன்: செம்பி போட்டோ வந்திருக்கா? போன தடவ அனுப்புனாங்களே, மரத்து உச்சியில செவப்பா ஒரு புள்ளி. ரூம்ல எல்லாருக்கும் காட்டினேன். ஒரு கொரங்குக்கு ஏன் இந்தப் பாடுன்னு கேக்கானுவ. வாலே கெடையாது, ஒராங்குட்டான்டான்னேன்.

பானுமதி: வேற என்ன சொன்னீங்க?

அம்மையப்பன்: இந்த அரபு நாட்டுல, இதே அல் ஐன்ல ஒரு பெரிய ஆளு வில்லாவுல, டயப்பர் மாட்டி, சங்கிலி போட்டு வச்சிருந்த ரெண்டு வயசுப் புள்ள. தாயைச் சுட்டுட்டுத் தூக்கியாந்தது. நம்ம மீட்பு சென்டர்ல ரெண்டு வருசம் வளத்து போர்னியோவுக்கு அனுப்புனோம். அங்க அஞ்சு வருசமா மரம் ஏறப் படிச்சா, பழம் தேடப் படிச்சா. இப்ப காட்டுக்கே போயிட்டான்னு சொன்னேன். ராத்திரி உறங்கத் தனியா கூடு கட்டுதாளாமே?

பானுமதி: கட்டினா. பதினோரு நாள் கட்டினா.

அம்மையப்பன்: பதினோரு நாளா... அதுக்குப் பொறவு?

பானுமதி: கொஞ்சம் தண்ணி குடிங்க.

அம்மையப்பன்: தண்ணி வேண்டாம். அதுக்குப் பொறவு?

பானுமதி: காட்டு ஓரமா எண்ணெய்ப்பனைத் தோட்டம் இருக்கு. அங்க வேலை செய்யற ஒருத்தர் முன்னாடி இறங்கி வந்திருக்கா.

அம்மையப்பன்: அவ ஏன் இறங்குதா? மனுசனைக் கண்டா மேல ஏறணும்னுல்லா சொல்லிக் குடுத்தாங்க.

பானுமதி: ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டுக் கிட்ட போயிருக்கா. தூக்கச் சொல்லி. அவரு பயந்துட்டாரு... கையில அரிவாள் இருந்திருக்கு.

அம்மையப்பன்: வெட்டிட்டானா?

பானுமதி: ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போயிட்டா. முந்தாநாள்.

அம்மையப்பன்: தூக்கச் சொன்னாளாமா?

பானுமதி: அப்படித்தான் எழுதியிருக்காங்க. இன்னொன்னும் கேட்டிருக்காங்க. மூணு வயசுக்கு மேல இங்க யாராவது அவளைத் தொட்டு வளத்தீங்களான்னு. அங்க இன்னும் பதினாலு குட்டிங்க இருக்காம். உண்மை தெரிஞ்சா அதுங்களுக்கு உதவுமாம்.

அம்மையப்பன்: தொடக்கூடாது, பேசக்கூடாது, முகமூடி போடணும்னு நீங்கதான் எழுதி ஒட்டியிருந்தீங்களே...

பானுமதி: நான் பதில் எழுதணும் அம்மையப்பன்.

அம்மையப்பன்: வெள்ளிக்கிழமை. எல்லாரும் தொழுகைக்குப் போயிருவாங்க. அந்த ஒரு மணி நேரம். கம்பியைப் புடிச்சுட்டு அழுவா டாக்டரம்மா. மொத வாரம் பாத்துட்டே நின்னேன். அடுத்த வாரம் முகமூடியக் கழட்டிட்டேன். கையை நீட்டுவா... தூக்கிக்கிடுவேன். நெஞ்சு முடியைப் புடிச்சுட்டு அப்படியே உறங்கிருவா. எம்மவ பொறந்தப்ப நான் இங்கதான் கெடந்தேன். அவளக்கூட நான் அப்படி வச்சுக்கிட்டதில்ல.

பானுமதி: எத்தனை வாரம்?

அம்மையப்பன்: அவ போற வரைக்கும். ஒரு வருசம் இருக்கும். நான்தான் கொன்னேன்னு எழுதுங்க. வேலையவிட்டு ஊருக்கு அனுப்பினாலும் சரி.

பானுமதி: உங்க பேரை மட்டும் எப்படி எழுதறது? அத்தனை வெள்ளிக்கிழமையும் நான் இந்த ஜன்னல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். அவ அழுகை நின்னா போதும்னு இருந்துச்சு.