மொட்டைத் தலையோடு ஒரு போட்டோ

திருப்பதியிலிருந்து புத்தூர் போகும் பஸ்ஸில், மடியில் தூங்கும் குழந்தை விழித்துவிடுமோ என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் ஒரு தாயும், அன்றைக்குத்தான் மலையில் மொட்டை போட்ட மகளும்.

"பொண்ணு கேட்டவங்களுக்கு இந்த மொட்டை போட்டோவையாடி அனுப்புன? நோய்க்காரின்னு நெனப்பாங்க."

"உனக்கு ஆபரேஷன் நல்லா ஆவணும்னு வேண்டிக்கினு போட்டது. அத நான் ஏம்மா மறைக்கணும்?"

"ஸ்டூடியோல எடுத்தது எவ்ளோ அழகா கீது!"

"அதுல ஸ்டூடியோக்காரர் சொன்னாருன்னு சிரிச்சேன். இது நானே எடுத்தது, நானே சிரிச்சது."

மகளின் செல்போனில் பதில் வந்தது.

"இன்னா சொல்றாங்க?"

"முடி எப்ப வளரும்னு கேக்குறாங்க."

"சீக்கிரம் வளந்துடும்னு போடு."

"உங்க புள்ள எல்லா போட்டோலயும் தொப்பி போட்டுக்கினு கீறாரே, கழட்டிட்டு ஒண்ணு அனுப்புங்கன்னு போட்டுட்டேன்."